இடுப்பளவுக்கு ஒரு தோணி

வல்வெட்டித்துறைக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கடல், கப்பல் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அன்னபூரணியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. நான் பிறக்க முதலே போய்விட்ட கப்பல்தான், ஆனால் பெருமையில் எனக்கும் பங்குண்டு. தீவுப்பகுதி ஆட்களைப் பற்றி எங்களுக்குள் இருந்த எண்ணம் வேறு: நன்றாகக் கடை நடத்துவார்கள், அவ்வளவுதான். அதனால் சுருவிலில் தன் மருமகன் தோணி கட்டுகிறான், வந்து பார் என்று நண்பர் அழைத்தபோது சிரிப்புத்தான் வந்தது. பொடியன் டென்மார்க்கில் பிறந்தவன் என்று அறிந்ததும் சிரிப்புக் கூடியது.

1990இல் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது வெறுமையான வளவுகளில் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. சுவர் இருக்கும், கூரை இராது, அறைக்குள் பனை முளைத்திருக்கும். நண்பரின் வளவில் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். வேப்பமரத்தின் கீழ் இரண்டு மரக்குதிரைகளில், ஒரு பெரிய பாரை மீனைச் சுத்தமாய்த் தின்று முள்ளை மட்டும் வைத்ததுபோல் ஒரு கூடு கிடந்தது. நீளப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்து மரக்காலையில் வாங்கிய பைன் சட்டங்கள். குறுக்கே கொதிநீரில் ஊறவைத்து வளைத்த மூங்கில் வங்குகள். ஓர் ஆணிகூட இல்லை. எல்லா மூட்டும் வலைநூலால் வரிந்து கட்டியது. கையால் ஒரு முனையை அமத்தினேன். முழுக்கூடும் நெளிந்தது, கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது.

இது கிறீன்லாந்துக்காரரின் கயாக். அங்கே தோணிக்கு மரம் தர ஒரு காடு இல்லை. சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு போன மரங்கள் பனிக்கட்டியோடு மிதந்து வந்து கரையொதுங்கும். அதைப் பொறுக்கி, பிளந்து, கூடு கட்டி, மேலே சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். தைப்பது பெண்களின் வேலை. ஊசி தோலின் மறுபக்கம் வராமல் பாதித் தடிப்பிலேயே ஓடவேண்டும், ஓட்டை விழுந்தால் கடலில் புருசன் இல்லை. சுருவிலில் தோலுக்குப் பதிலாக, பொடியன் பயணப்பெட்டியில் மடித்துக் கொண்டுவந்த தடித்த நைலோன் துணி.

அளவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீளம், ஓட்டுகிறவன் இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலத்தின் மூன்று மடங்கு. அகலம், அவன் இடுப்போடு பொத்திய கை இரண்டு. ஆழம், பொத்திய கையும் நிமிர்த்திய பெருவிரலும். காலை நீட்டி உள்ளே இருந்தால் தொடைக்கு மேலே ஒரு வளைந்த குறுக்குமரம் வந்து அமத்தும். அளவு நாடா தேவையில்லை. ஆள்தான் நாடா.

பக்கத்து வீட்டு ஓடாவி அப்பு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் மரவள்ளம் கட்டியவர். 1960களின் கடைசியில் நோர்வேக்காரரின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோரின் கண்ணாடியிழை வள்ளங்களையும் கண்டவர். வடக்கிலிருந்து வரும் தோணியெல்லாம் அவருக்கு ஒரே சந்தேகம்தான்.

"மூண்டு பாகம் எண்டு சொல்லன் தம்பி. கடலிலை ஆழம் பாக்கிறது, கயிறு அளக்கிறது எல்லாம் நாங்கள் அதாலைதான்" என்றார். பிறகு கூழைக் குடித்து முடித்துப் பிளாவைக் கீழே வைத்தார். "ஆளை அளந்து செய்யிற மரச்சாமான் எனக்குத் தெரிஞ்சு ஒண்டுதான் இருக்கு."

"வாயைக் கழுவுங்கோ அப்பு" என்று பொடியனின் மாமி அடுப்படியிலிருந்து கத்தினார்.

அங்கே தொடங்கியது சண்டை. கவிழ்ந்தால் என்ன செய்வாய் என்று அப்பு கேட்டார். பொடியன் நிலத்தில் இருந்து, இடுப்பை வெட்டித் துடுப்பால் அடித்து நிமிர்வதைச் செய்து காட்டினான். அந்தக் கடலில் விழுந்தவனைக் கரைக்கு நீந்தக் குளிர் விடாது. அதனால் தோணியை விட்டு வெளியே வரக்கூடாது, தோணியோடேயே உருண்டு எழும்பவேண்டும். சட்டையின் கீழ் விளிம்பைக்கூட இருக்கைத் துவாரத்தின் வளையத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள்.

"அது அங்கத்தைக் கடல். இஞ்சை இடுப்பளவு தண்ணி. கவிண்டா எழும்பி நிண்டாச் சரி. நீ கட்டிறது ஆளை எழும்ப விடாத சாமான்."

பொடியனுக்குத் தமிழ் வரவில்லை, டேனிஷ் மொழியில் ஏதோ சொன்னான். நான் அப்புவின் பக்கம் சாய்ந்தேன். எங்கள் ஊரில் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே ஆழம் வந்துவிடும். இங்கே பரவைக்கடல். கம்பூன்றி வள்ளம் தள்ளுகிற கடலுக்கு உருண்டு எழும்புகிற வித்தை எதற்கு?

துணி தைத்து, பூச்சுப் பூசி, காய்ந்தபின் இறக்கினோம். பொடியன் வேண்டுமென்றே கவிழ்ந்தான். அடிப்பக்கம் மேலே வந்து நின்றது, துடுப்பு சேற்றில் குத்தியது, தோணி ஒரு நடுக்கம் நடுங்கியது. நாங்கள் ஓடுவதற்குள் எழும்பிவிட்டான். தலையில் சேறு, காதில் சாதாளை. அப்பு கரையில் குந்தியிருந்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

சிரித்து முடிய வற்றுத் தொடங்கிவிட்டது. பொடியன் இறங்கி, தோணியைத் தூக்கித் தோளில் கொழுவிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் கரைக்கு நடந்து வந்தான். அதே நேரம் அப்புவின் மகனுடைய வள்ளம் தூரத்தில் தரைதட்டி, இனிப் பெருக்கு வரும்வரை காத்துக் கிடந்தது. அப்பு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. பூச்சு மட்டமான சாமான், சுறா எண்ணெய்தான் திறம் என்று பேச்சை மாற்றினார்.

அடுத்த சிக்கலை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பொடியன் திரும்பிப் போகவேண்டும், தோணியை விமானத்தில் ஏற்ற முடியாது. நண்பருக்கு வண்டி, உள்ளே இறங்கவில்லை. நான் இறங்கினேன், முழங்கால் மடங்கவில்லை, இரண்டு பேர் இழுத்து எடுத்தார்கள். வீட்டில் ஒருவரும் ஏறமுடியாத வள்ளத்தை இன்றுதான் காண்கிறேன் என்றார் அப்பு. சொன்னவரே ஒழுங்கையில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, இடுப்புக்கு இருபுறமும் கையைப் பொத்தி வைத்து ஒவ்வொருவராய் அளந்தார். இவன் சின்னன், இவனுக்கு இரண்டு வருசம் செல்லும், இவன் பலகாரக் கடைக்காரன் மகன், சரிவராது.

சரியாகப் பொருந்தியது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு. காலை நீட்டினாள், தொடை குறுக்குமரத்தில் போய் அளவாக முட்டியது.

"பொம்பிளைப் பிள்ளை கடலுக்கோ?" என்றார் அப்பு.

கிறீன்லாந்திலும் கயாக் ஆண்களுடையதுதான், பெண்களுக்குப் பெரிய தோல்வள்ளம் வேறாக இருந்தது என்று பொடியன் சொல்லித் தொலைத்தான். அப்பு அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது அங்கே பெண்களும் ஓட்டுகிறார்கள் என்று அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மாமி அகப்பையோடு வெளியே வந்துவிட்டார். பிள்ளையின் தாயும் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஆளுக்கொரு பக்கமாக நாலு பேரும் கத்திக்கொண்டிருக்க, தோணிக்குள் இருந்தபடியே அவள் பொடியனிடம் துடுப்பை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று கேட்டாள்.