கம்பெனி ஸ்பிரிங்

கோத்தகிரிச் சாலையின் ஒரு வளைவில் எங்கள் ஜிப்ஸி கவிழ்ந்தது. மழை. சகோதரர் இருவரும் சிராய்ப்புகளோடு தப்பினோம், வண்டி தப்பவில்லை. ஆறாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வண்டி அது. உயர்த்திய ஸ்பிரிங், அகன்ற டயர், முன்புறம் வின்ச். இவற்றில் ஒன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு நாங்கள் தெரிவித்திருக்கவில்லை. பிரீமியம் கூடுமே என்ற கஞ்சத்தனம்தான், வேறென்ன?

சர்வேயர் வருமுன் பட்டறைக்காரர் ஒரு வழி சொன்னார். கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங்குகள் அவரிடமே கிடந்தன. மாற்றிப் பூட்ட ஓர் இரவு போதுமாம். அன்றிரவு முழுக்கப் பேசினோம், முடிவுக்கு வரவில்லை. விடிந்ததும் சர்வேயர் குனிந்து பார்த்து, “இது கம்பெனி ஸ்பிரிங்கா சார்?” என்றார்.

“இல்லை” என்று இளையவன் முந்திக்கொண்டான்.

பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு. எங்களுடையது தாண்டியிருந்தது. ஆயினும், மாற்றங்களை மறைத்தோமென்று கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்தது. நிறுவனத்திடம் முறையிட்டுப் பயனின்றி, இப்போது சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறோம்: ஈரச்சாலையில் வழுக்கியதே காரணம், ஸ்பிரிங் அல்ல என்று.

உயர்த்திய வண்டி எளிதில் கவிழும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்த வரியை எழுதத்தான் இரண்டு நாள் பிடித்தது.