பனிக்கட்டிமேல் ஒரு கூடாரம்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணிநேரம் ஓடினால் சிம்கோ ஏரி. தை, மாசியில் அது உறைந்ததும் துளை போட்டு மீன் பிடிக்கலாம். காற்றை மறைக்கத்தான் கூடாரம்.

தனியே போகிறவருக்கு, இழுக்கும் சறுக்குவண்டியோடு சேர்ந்து, தலைக்கு மேலால் கவிழும் சின்னக் கூடாரம் போதும். மீன் கடிக்காவிட்டால் உடனே இடம் மாறலாம். நான் குடைபோல விரியும் பெரியதை எடுத்தேன். அப்பாவும் வருகிறார், கதிரை போட இடம் வேண்டும்.

7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக்கூடாரத்தை ஒன்ராறியோவில் பதியத் தேவையில்லை. விரிக்கும்போது, காற்று அடிக்கும் பக்கத்தை முதலில் ஆணியால் பனிக்கட்டியில் இறுக்குங்கள்.

வாயு ஹீற்றர் எரியும்போது காற்றுத் துவாரத்தை மூடவே கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. "குளிருது, அதை மூடு பிள்ளை" என்பார் அப்பா. அந்த ஒன்றை மட்டும் நான் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.