சலாமியாவில் தொலைந்த துக்கம்

ஒற்றர் படம் ஒன்றைப் பற்றி மறைமாவட்ட இதழில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1963ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளுக்கென்று தனி ஆணை வெளியிட்டு, திரைப்படத்தையும் அதனுள் சேர்த்துக்கொண்டது. அந்தத் துணிவில் எழுதுகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அந்தப் படத்தின்மேல் எனக்கொரு மனத்தாங்கல் இருந்துவருகிறது என்பது அதைவிட உண்மையான காரணம்.

1986ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளிவந்த ‘விக்ரம்’தான் அந்தப் படம். கமல்ஹாசன் தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாகத் தயாரித்து நடித்தார், ராஜசேகர் இயக்கினார், இளையராஜா இசையமைத்தார். கதை எழுத்தாளர் சுஜாதாவுடையது. குமுதத்தில் அது தொடராகவும் வந்துகொண்டிருந்தது. முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அண்ணன் வாரந்தோறும் அதை உரக்கப் படிப்பான். பக்கத்து வீட்டுப் பையன்கள் உட்பட நாங்கள் ஐந்தாறு பேர் வாய் பிளந்து கேட்போம்.

கதை எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ‘அக்னி புத்ரா’ என்ற ஏவுகணையைப் பகைவர்கள் கடத்திவிடுகிறார்கள். அதை மீட்க விக்ரம் என்னும் ஒற்றன் புறப்படுகிறான். எங்கள் ஊருக்கு அருகிலேயே, ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி, அணுசக்தித் துறையின் கனநீர் ஆலை 1978 முதல் இயங்கிவந்தது. உயர்ந்த மதில், வாயிலில் காவலர்கள், உள்ளே என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியாத மர்மம். திருச்செந்தூர் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம், ஒற்றர்கள் வருவதென்றால் முதலில் இங்கேதான் வருவார்கள் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

அந்த ஆண்டு தவக்காலத்தில் எங்கள் அம்மா இறந்துபோனார். அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதுபவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. அடக்கம் முடிந்த நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார். முப்பதாம் நாள் திருப்பலியில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. ‘கல் நெஞ்சு’ என்று உறவினர் சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. எனக்கு வயது பதின்மூன்று. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

படம் தூத்துக்குடிக்கு வந்தபோது, நாங்கள் கேளாமலே அப்பா எங்கள் இருவரையும் அழைத்துப்போனார்.

முதற்பாதி இன்றைக்கும் நல்ல பாதிதான். ஜெய்சங்கர் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற படங்களில் துப்பறிந்த நாள்களில் தொப்பியும் துப்பாக்கியும் போதுமாயிருந்தன. ‘விக்ரம்’ படத்திலோ கணிப்பொறி கதையின் நடுவே வந்து அமர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் ஓர் இளம்பெண் என்பது அன்று புதுமை. மின்னணுப் பொறியாளரான சுஜாதாவின் கை தெரிந்தது. இந்தியாவின் உண்மையான ‘அக்னி’ ஏவுகணை விண்ணில் பாய்ந்தது 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள். கதாசிரியர் மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டிருந்தார். சத்யராஜின் வில்லத்தனமும் ரசிக்கத்தக்கதே. ஆனால் அந்த வில்லனுக்குச் சுகிர்தராஜா என்று பெயர் வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நம் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் புழங்கும் பெயர் அது. அன்றைய படங்களில் கொள்ளையனுக்குப் பீட்டர் என்றும் அடியாளுக்கு ராபர்ட் என்றும் பெயர் வைப்பது வழக்கமாகவே இருந்தது. என் வகுப்பில் அந்தப் பெயருடைய ஒருவன், பள்ளி திறந்ததும் பட்ட பாடு சொல்லி மாளாது.

விக்ரமின் மனைவியாக அம்பிகா நடித்திருந்தார். கருவுற்றிருக்கும் அவள் பகைவர்களின் குண்டுக்கு இரையாகிறாள். அந்தக் காட்சியில் அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். நெடுநேரம் கழித்து, கையில் இரண்டு கடலைப் பொட்டலங்களோடு திரும்பிவந்தார். அதற்குள் கதை சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குப் போய்விட்டிருந்தது.

படம் சரிந்தது அங்கேதான். ராஜஸ்தானத்து மணல்வெளியில் ஓர் அரசர், ஓர் இளவரசி, புரியாத மொழி, அதை மொழிபெயர்க்க ஜனகராஜ். அம்ஜத் கானும் டிம்பிள் கபாடியாவும் பம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு கோடி ரூபாய் அளவுக்குச் செலவானதாக அப்போது பேச்சு. பணம் கண்ணுக்குத் தெரிந்தது, கதைதான் காணாமற்போயிற்று. ஏவுகணையைத் தேடும் அவசரம் யாருக்குமே இல்லை. இளவரசியும் கணிப்பொறிப் பெண்ணும் நாயகன்மேல் மையல் கொள்ள, அவனும் பாடி ஆடினான். எதிர்பார்த்த வெற்றி படத்துக்குக் கிட்டாததில் வியப்பில்லை.

திரும்பும் பேருந்தில் உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு ஆத்திரம் தாளவில்லை. “ஏம்ப்பா, பொண்டாட்டி செத்து நாலு நாளாகல, அதுக்குள்ள மறந்துட்டு ஆடுதான்?” என்றேன். யாரைக் கேட்டேன், எதைக் கேட்டேன் என்பது அப்பாவுக்குப் புரிந்திருக்கும். அண்ணன் என் தொடையில் கிள்ளினான். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “அவன் வேலைக்குல்லா போயிருக்கான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் புதுப் படம் எடுத்து அது பெருவெற்றி பெற்றபோது, பழைய படத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தேன். என் சிறுவயதுக் கோபத்தில் பாதி தவறு என்று தெரிந்தது. மனைவியை இழந்தவன் வேலைக்குப் போனது குற்றமன்று. இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட நம் ஆண்டவரும் அடுத்து அங்கே செய்யவேண்டியதைச் செய்தார். படத்தின் குறை வேறு. துக்கத்தை அது விசையாக மட்டும் பயன்படுத்திக்கொண்டது. நாயகனை வீட்டைவிட்டுக் கிளப்ப ஒரு சாவு வேண்டும். கிளப்பியானதும் அந்தச் சாவுக்கு வேலை முடிந்தது. அம்பிகாவின் பாத்திரத்தைக் கதைக்காரர்கள் கொன்ற வேகத்திலேயே மறந்தும்விட்டார்கள். சலாமியாவில் ஓர் இரவாவது அவன் தூங்காமல் கிடந்திருக்கலாம். வேலையின் நடுவே ஒருகணம் கை நடுங்கியிருக்கலாம். அதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை.

அப்பா மறைந்து சில ஆண்டுகளாகின்றன. அடக்கத்துக்கு வந்திருந்த அவருடைய பழைய துறைமுக நண்பர் ஒருவர் கல்லறைத் தோட்டத்து வாயிலில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “ஒங்க அம்மா போன வருசம் ரெண்டு மாசம் அவன் கணக்கு ஒண்ணும் சரியா வரலப்பா. எண்ணிக்கிட்டே இருப்பான், நடுவுல நின்னுருவான். நாங்கதான் மாத்தி மாத்தித் திருத்தி வச்சோம். அவனுக்கும் தெரியும். ஒண்ணும் பேசமாட்டான்.”

படத்தில் விக்ரமுக்கு அப்படி ஒரு கணக்கும் தப்புவதில்லை.