காத்திருப்பும் ஒரு பயிற்சியே

திருப்பதிக்கு மேற்கே, சேஷாசல மலைக்காடுகளை ஒட்டி எர்ராவாரிபாளையம் மண்டலம் அமைந்துள்ளது. புகழ்பெற்ற தலக்கோனா அருவி இம்மண்டலத்தில்தான் உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள யனமலவாரிபள்ளி என்னும் சிற்றூரில் 1990 ஆம் ஆண்டு பிறந்தவர் இ. ரஜனி. எளிய குடும்பத்தில் பிறந்த அவர், இந்திய மகளிர் ஹாக்கி அணியின் கோல் காப்பாளராக உயர்ந்தார்.

ஹாக்கியில் கோல் காப்பாளரின் பணி ஏனையோர் பணியினின்றும் வேறுபட்டது. முன்கள வீராங்கனை பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினாலும் பாராட்டப்படுவார். கோல் காப்பாளரோ பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால், அந்த ஒன்றே பேசப்படும். மேலும், மற்ற வீராங்கனையர் ஆட்டத்தின் இடையே மாறி மாறிக் களம் இறங்குவர். கோல் காப்பாளரை அவ்வாறு அடிக்கடி மாற்றுவதில்லை. எனவே, அணியின் இரண்டாம் கோல் காப்பாளர் ஒரு நிமிடமும் ஆடாமலே ஒரு போட்டித்தொடர் முடிந்துவிடலாம்.

ரஜனியின் விளையாட்டு வாழ்வு பெரும்பாலும் இத்தகைய காத்திருப்பாகவே அமைந்தது. அவர் காலத்தில் இந்தியாவின் முதல் கோல் காப்பாளராக விளங்கியவர் அரியானாவைச் சேர்ந்த சவிதா. உலகின் சிறந்த கோல் காப்பாளர் என்னும் விருதை மும்முறை பெற்றவர் அவர். 2016 ஆம் ஆண்டு இந்திய மகளிர் அணி, 36 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்கில் ஆடியது. ரியோ சென்ற 16 பேர் பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோல் காப்பாளர் சவிதா. ரஜனி மாற்று வீராங்கனையாக இருந்தார். இந்திய அணி நான்காம் இடம் பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அந்நிலை மாறவில்லை.

ஆயினும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2017 ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும், 2018 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியிலும், 2022 ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார். மாற்று வீராங்கனைக்குப் பயிற்சியில் சலுகை இல்லை. முதல்வர் அணியும் அதே தலைக்கவசமும் காற்காப்பும் அணிந்து, அதே வேகத்தில் வரும் பந்துகளை அவரும் தடுத்தாக வேண்டும். எந்த நாளில் அழைப்பு வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அழைப்பு 2024 ஆம் ஆண்டு சனவரியில் வந்தது. அணிக்கு ஐவர் ஆடும் முதல் உலகக் கோப்பைப் போட்டி ஓமன் நாட்டின் மஸ்கட் நகரில் நடைபெற்றது. இந்திய மகளிர் அணியின் தலைவியாக ரஜனி தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 33. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை வென்ற அணி, இறுதிப்போட்டியில் நெதர்லாந்திடம் 7–2 என்னும் கணக்கில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஏழு கோல்கள் விழுந்தது உண்மை. உலகின் இரண்டாம் அணியாகத் திரும்பியதும் அதே அளவு உண்மை. விளையாட்டு வீரர் இவ்விரண்டையும் ஏற்கக் கற்க வேண்டும்.

விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் மற்றொன்றையும் அறிதல் நலம். களத்தில் ஆடும் காலம் குறுகியது. அதன் பின்னரும் வாழ்க்கை நீண்டிருக்கும். ஆதலால் பயிற்சியோடு கல்வியையும் விடாது தொடர்வதே அறிவுடைமை.

பள்ளி அணியின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்போது, தம் பெயர் 'மாற்று' என்னும் தலைப்பின்கீழ் இருப்பதைக் கண்டு மனம் வாடும் மாணவர் உண்டு. அவ்வாட்டம் இயல்பானதே. ஆனால், மறுநாள் காலையில் மைதானத்திற்கு வருவதா, வேண்டாவா என்னும் முடிவு அவர் கையில்தான் உள்ளது. யனமலவாரிபள்ளியில் பிறந்த பெண் ஒவ்வொரு முறையும் வந்தார்.

சிந்தித்து விடை எழுதுக:
1. இரண்டாம் கோல் காப்பாளரின் நிலை ஏனைய மாற்று வீரரின் நிலையினும் கடினமானது ஏன்?
2. மஸ்கட் இறுதிப்போட்டியின் முடிவைத் தோல்வி என்பீரா, வெற்றி என்பீரா? காரணம் தருக.
3. நீங்கள் காத்திருந்து பெற்ற வாய்ப்பு ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.