வல்வைப் பட்டக் கொட்டில்

மூங்கிலைப் பிளக்கும் முன் பெரியவர் அதைத் தூக்கிப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனார். கணுக்கள் எங்கே நெருங்கியிருக்கின்றன, எங்கே விலகியிருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் கத்தியை எடுத்தார். "கணு கூடின பக்கம் பாரமும் கூட, தம்பி. அதைப் பாராமல் சீவினால் பட்டம் ஒரு பக்கம் சாய்ஞ்சுகொண்டே நிக்கும்." சீவிய கீற்றின் நடுவை விரல்மேல் வைத்தார். வலப்பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கத்தை இழை இழையாகச் சுரண்டினார். கீற்று மட்டமாக நின்றதும் இரண்டு முனைகளையும் பிடித்து வளைத்தார். பாரம் ஒத்து வந்தால் போதாது, வளைவும் ஒத்து வரவேண்டும். காற்று தள்ளும்போது ஒரு சிறகு மற்றதைவிடக் கூட வளைந்தால் பட்டம் அந்தப் பக்கமே இழுபடும்.

வல்வை என்று சொல்லும் வல்வெட்டித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட உள்ள தகரக் கொட்டில் அது. பெரியவர் பகலில் மேசன் வேலைக்குப் போகிறவர். கூட இருந்தவர்களில் ஒருவர் கடற்றொழில் செய்கிறவர். மற்றவர்கள் உயர்தரம் படிக்கிற பெடியள். தைப்பொங்கலன்று பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்குத்தான் இத்தனை வேலையும். பொங்கிப் படைத்துச் சாப்பிட்டு முடித்த கையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல மூலைகளிலிருந்தும் சனம் வல்வைக்கு வந்துவிடும். உழவு யந்திரங்களிலும் சின்ன லொறிகளிலும் பட்டங்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கொக்கு, பிராந்து, பாம்பு, எட்டுமூலை என்று பழைய பட்டங்கள் ஒருபுறம். கப்பல், விமானம், உழவுக் காட்சி என்று முப்பரிமாணத்தில் கட்டியவை மறுபுறம். எது வந்தாலும் நடுவர்களின் கண் முன்னே எழும்பி நிற்கவேண்டும். தரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏறாத பட்டத்துக்கு அங்கே பெறுமதி இல்லை.

இந்தக் கலை இந்த ஊரில் இவ்வளவு வேரூன்றியதில் எனக்கு வியப்பில்லை. பாய்க்கப்பல் கட்டிய ஊர் இது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல், வல்வை மாலுமிகளோடு புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றின் விசையைத் துணியில் பிடித்துக் கயிற்றால் கட்டுப்படுத்துகிற அறிவு இங்கே பரம்பரையாக இருந்திருக்கிறது. பட்டத்துக்குக் கயிறு தெரியும் கைகள் வேண்டும். அன்று அந்தக் கொட்டிலில் முச்சை கட்டியவர் கடற்றொழிலாளி என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

முச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பட்டத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் கயிறுகள் ஒரு முடிச்சில் சந்திக்கின்றன. அந்த முடிச்சில்தான் பறக்கவிடும் கயிறு பூட்டப்படும். முடிச்சை ஒரு விரலளவு மேலே தள்ளினால் பட்டம் காற்றுக்குப் படுத்துக் கொடுக்கும், இழுவை குறையும், தலைக்கு மேலே ஏறி நிற்கும். கீழே தள்ளினால் பட்டம் நிமிர்ந்து காற்றை முகத்தில் வாங்கும், இழுவை கூடும். அளவு மிஞ்சினால் பின்பக்கமாகச் சரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் காலையில் சரியாக நின்ற முச்சை பின்னேரத்துக்குப் பிழைத்துப்போகலாம். கடற்றொழிலாளி இதையெல்லாம் கணக்காகச் சொல்லவில்லை. கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, "இது கூட இழுக்குது, அரை விரல் மேலே விடு" என்றார். விட்டார்கள். இழுவை அடங்கியது.

அந்த நான்கு மடங்குக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் எடுத்த காணொளி உலகத்துக்கே காட்டியது. பெரிய பட்டம் ஒன்றின் வடத்தைப் பலர் சேர்ந்து பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் கைவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவரைப் பட்டம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போயிற்று. நல்லகாலம், உயிர் தப்பினார். இப்போது அந்தக் கொட்டிலில் வடத்தின் அடியை ஒரு மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் பட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். வடத்தைக் கையில் சுற்றிக்கொண்ட ஒரு பெடியனைப் பெரியவர் கடுமையாகப் பேசினார். எனக்கு அது சரியாகவே பட்டது.

கொட்டிலின் மூலையில் எதிர்பாராத ஒன்று கிடந்தது. மேல்மூடி கழற்றிய, ரேடியோவில் இயங்கும் மின்சார மண்தரைக் கார் ஒன்று. கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது என்றான் ஒரு பெடியன். இந்தக் கார்களுக்கு வெளிநாடுகளில் பெரிய பந்தய உலகமே இருக்கிறது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1979இல் இறக்கிய றஃப் ரைடர் போன்ற வண்டிகள் அந்த ஆர்வத்தைப் பரப்பின. மின்சார மண்தரைக் கார்களுக்கான உலகப் போட்டி 1985இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் தொடங்கியது. மெய்யான காரில் பத்தில் ஒரு பங்கு அளவு வண்டி. ஓட்டுபவர் உயர்ந்த மேடையில் நின்றுகொண்டு விரலால் ஓட்டுகிறார். சுற்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெற்றியில் பெரும்பங்கு முதல் நாளே மேசையில் முடிவாகிவிடும். அதிர்வுதாங்கியில் எவ்வளவு தடிப்பான எண்ணெய், எந்தச் சில்லு ரப்பர், மின்கலத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று மண்ணைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முச்சை முடிச்சை அரை விரல் தள்ளுவதும் அதே வேலைதான்.

அந்தக் காரை ஓட்ட அவனுக்குக் கிடைத்தது வீட்டு முற்றமும் கடற்கரை மணலும். உப்பு மணல் பற்சில்லுகளுக்குள் புகுந்து அரைத்துவிட்டது. அவன் அதைக் கைவிடவில்லை. முன்சில்லைத் திருப்புகிற சேர்வோ மோட்டாரையும் ரேடியோ வாங்கியையும் கழற்றிப் பட்டத்தில் பூட்டியிருந்தான். தரையில் நின்று விசையைத் திருப்பினால் பட்டத்தில் கட்டிய படகோட்டிப் பொம்மை துடுப்பு வலிப்பான். காரின் பெரிய மின்கலம் பாரம் என்று அதை விட்டுவிட்டுச் சின்ன லித்தியம் கலம் வைத்தார்கள். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. அடியில் வைத்தால் கலம் மாற்ற வசதி என்றான் அவன். நடுக்கீற்றில் வைக்காவிட்டால் சாயும் என்றார் பெரியவர். இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தார்கள். அடியில் வைத்தபோது பட்டம் மந்தமாக ஏறியது. நடுக்கீற்றில், சற்றே மேலே வைத்தபோது நின்றது. யார் வென்றார் என்று யாரும் கேட்கவில்லை. உடனே அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்கள்.

துடுப்பு வலிக்கும் படகோட்டியையும் மினுங்கும் விளக்குகளையும் நான் ரசித்தேன். ஆனாலும் என் மனம் கொக்குப் பட்டத்தின் பக்கம்தான். அதன் தலையில் வில்லாகக் கட்டும் விண்ணை அங்கே வைத்தே செய்துகாட்டினார்கள். ஒரு காலத்தில் நார் சீவிக் கட்டியது, இப்போது பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடா. தட்டையான அந்த நாடாவைக் காற்று இருபுறமும் மாறிமாறி உதைக்க அது கூவும். இழுத்துக் கட்டினால் குரல் மெலியும், தளர்த்தினால் தடிக்கும். வாடைக்காற்று ஒரே சீராக வீசும் மாதங்களில் குடாநாட்டில் இரவு முழுக்கப் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பார்கள். விண் இருட்டில் கூவிக்கொண்டேயிருக்கும். விண்ணின் குரலைக் கேட்டே யாருடைய பட்டம் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றார் பெரியவர். போட்டியில் அளவும் புதுமையும் கண்ணை இழுப்பது இயல்பு. விண்ணின் குரலுக்கும் தனியே ஒரு பரிசு வேண்டும் என்பது என் ஆசை. முடிச்சுப் போட்டவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பலாலி விமானத்தளம் 2019இல் சர்வதேச விமான நிலையமானபின் வல்வை வானம் பட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. தரையிலும் ஆபத்து உண்டு. அறுந்து வீதியில் தொங்கும் தங்கூசி நூல் மோட்டார்சைக்கிளில் போகிறவரின் கழுத்தை அறுக்கும், மின்கம்பியில் சிக்கினால் ஊரே இருளும். அந்தக் கொட்டிலில் அறுந்த நூலைத் தேடிச் சுருட்டிக் கொண்டுவருவது சின்னப் பெடியளின் கட்டாய வேலை. எல்லாக் கொட்டில்களிலும் இப்படி வேண்டும்.

போட்டியன்று அவர்களின் படகோட்டி ஏறினான். துடுப்பை வலித்தான். சனம் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் காற்று கூட, கடற்றொழிலாளி வடத்தைத் தாழ்த்தச் சொல்லிச் சைகை காட்டினார். இறக்கும்போது இடப்பக்கச் சிறகு மணலில் குத்தி முறிந்தது. முதல் பரிசு வேறொரு ஊர்க்காரருக்குப் போனது. பெரியவர் முறிந்த கீற்றை எடுத்து முறிவைப் பார்த்தார். கணுவுக்குக் கீழே முறிந்திருந்தது. "கணுவைக் கூடச் சுரண்டிப்போட்டம்" என்று பெடியளுக்குக் காட்டினார். அதே கீற்றில் எவ்வளவு தடிப்பு விட்டிருக்கவேண்டும் என்று நகத்தால் கோடு போட்டுக் கொடுத்தார். கார்க்காரப் பெடியன் அதைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த வருசம் மின்கலத்தை இன்னும் சின்னதாக்கினால் துடுப்புக்கு எத்தனை நிமிடம் வரும் என்று கணக்குப் போடத் தொடங்கினான்.