61 வயதில் காலேஜுக்குக் கிளம்பிய ஆச்சி!

டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஃப்ரீமான்ட் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் அந்த ஆச்சி. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கணவர் இறந்த பிறகு, க்ரீன் கார்டு வாங்கி அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டார் மகன்.

அன்று சாதாரண செக்கப்தான். ஆபீஸ் போன் வந்து மகன் வெளியே போன நேரத்தில் டாக்டர் ஏதோ கேட்டார். பத்து வயதுப் பேரன்தான் தமிழில் சொன்னான். ''ஆச்சி, இருமும்போது, சிரிக்கும்போதெல்லாம் யூரின் கசியுதான்னு கேக்காங்க.''

''இல்லைன்னு சொல்லு'' என்றார் ஆச்சி.

அது பொய். ஆறு வருடமாக அந்தத் தொந்தரவு இருந்தது. பேரன் வாயால் அதை எப்படிச் சொல்ல வைப்பது?

அந்த வாரமே, பார்க்கில் வாக்கிங் வரும் மதுரைக்காரப் பெண்ணிடம் விசாரித்தார். ''இங்க கம்யூனிட்டி காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்கக்கா. வயசெல்லாம் பார்க்க மாட்டாங்க'' என்றார் அவர்.

வீட்டில் சொன்னதும் மகன் சிரித்தார். ''இந்த வயசுல எதுக்கும்மா? அதான் நான் இருக்கேன்ல?''

''நீ இருக்கப்போய்தாம்ல நான் இத்தன நாளா வாயே தெறக்கல!''

அமெரிக்காவில் 1901-ல், இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் ஆறு மாணவர்களோடு தொடங்கியது இந்த வகைக் கல்லூரி. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 அரசு கம்யூனிட்டி காலேஜ்கள். 18 வயது முடிந்த யாரும் சேரலாம்; கட்-ஆஃப் மார்க் கிடையாது. பட்டத்துக்கான பாடங்களுக்கு, மாநிலவாசிகள் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டினால் போதும். 'நான்-கிரெடிட்' ஆங்கில வகுப்புகளுக்கோ கட்டணமே இல்லை. நம் பக்கத்திலும் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வழியில் சமுதாயக் கல்லூரிகள் வந்தன.

முதல் நாள் வகுப்பில், தான் ஒருத்திதான் கிழவியாக இருப்போம் என்று பயந்தார் ஆச்சி. பக்கத்து இருக்கையில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பாட்டி. பின்னால் ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் மெக்ஸிகோக்காரர். மூன்று பேருக்கும் ஒரே தடுமாற்றம். வெட்கம் பாதி அங்கேயே போய்விட்டது.

பெயர், முகவரி சொல்வதில் தொடங்கி, டாக்டரிடம் போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதுவரை பேசவைத்துப் பழக்கினார் டீச்சர். 'புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்பதற்கும் பயிற்சி உண்டு. ஆச்சிக்கு அதுதான் பெரிய பாடம். புரியாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போகும் பழக்கம் அதன்பிறகு நின்றது. ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஆச்சி வீட்டுப்பாடத்தை ஒப்பிக்க, பேரன் உச்சரிப்பைத் திருத்துவான்.

இரண்டு செமஸ்டர் முடிந்தது. மறுபடியும் செக்கப். இந்த முறை பேரனை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார் ஆச்சி. இலக்கணம் இரண்டு இடத்தில் இடறியது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். 'வயசானா அப்படித்தான்' என்று அவர் நினைத்திருந்ததற்கு உடற்பயிற்சிகள் இருப்பதைச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார் டாக்டர்.

வெளியே வந்ததும் பேரன் ஓடிவந்தான். ''டாக்டர் என்ன கேட்டாங்க ஆச்சி?''

''அது எனக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சுல!''