சாட்டிக் கடலில் சவள் பிடித்தோம்

யாழ். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு கூட மாரியில் மட்டுமே ஓடும். பெய்யும் மழை மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி நிலத்தின் கீழே தங்கிவிடுகிறது. எனவே வள்ளம் வலிக்கப் புதிதாகப் பழக விரும்பும் எம்மைப் போன்ற பெண்களுக்கு, ஆற்றுக்குப் பதிலாகத் தெளிந்த, ஆழமில்லாத கடல்தான் கிடைக்கிறது. அதற்கு ஏற்ற இடம் வேலணைத் தீவிலுள்ள சாட்டி வெள்ளைக் கடற்கரை.

கடந்த பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எமது தையல் வகுப்பைச் சேர்ந்த பதினொரு பேர் வாடகை வானில் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று வழி நீண்டது. 1990 இல் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது கைவிட்ட வீடுகள் சில, இன்னும் கூரையின்றிப் பற்றைக்குள் நிற்கின்றன. அவ்விடத்தில் வானுக்குள் பேச்சுக் குறைந்தது.

எல்லோரும் கடலை விரும்பி வந்தவர்கள் அல்லர். முல்லைத்தீவுத் தங்கை ஒருவர் 2004 சுனாமிக்குப் பின் கடலில் கால் நனைத்ததில்லை. நெடுந்தீவில் பிறந்த அக்கா ஒருவர், 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்த படுகொலையில் தன் சொந்தங்களை இழந்தவர். "நான் மணலில இருக்கிறன், நீங்கள் போங்கோ" என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

எமக்குச் சவள் பிடிக்கக் காட்டித் தந்தவர் அவ்வூர் அம்மா ஒருவர். கணவர் காணாமற் போனபின், நண்டு வலை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். "பிள்ளையள், தண்ணி இடுப்பளவுதான். விழுந்தாலும் எழும்பி நிக்கலாம். வள்ளத்துக்குள்ள மட்டும் எழும்பி நிக்கப்படாது" என்பது அவருடைய முதற் பாடம்.

உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு இருவர் இருவராக ஏறினோம். ஒரு கை சவளின் மேல் நுனியில், மறு கை தண்டின் நடுவில் இருக்க வேண்டும். அலகு முழுவதும் நீருக்குள் இறங்கிய பின்பே பின்னோக்கி வலிக்க வேண்டும். இடப்பக்கம் வலித்தால் வள்ளத்தின் முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும். ஆகவே நேராகப் போவதற்கு இரு பக்கமும் மாறி மாறி வலிக்க வேண்டும். கைப்பலம் மட்டும் போதாது, முதுகும் சேர்ந்து திரும்பினால்தான் களைப்பு வராது. அரை மணித்தியாலத்தில் எமது வள்ளம் வட்டமடிப்பதை நிறுத்தியது. கீழே சாதாளையும் சிறு மீன்களும் கண்ணாடிக்குள் போலத் தெரிந்தன.

"முதல்ல காத்துக்கு எதிராப் போங்கோ. திரும்பேக்க கை களைச்சிருக்கும், காத்து கொண்டந்து விடும்" என்றார் அம்மா.

நெடுந்தீவு அக்காவை அவர் வற்புறுத்தவில்லை. மத்தியானத்துக்குச் சற்று முன், வள்ளத்துக் கயிற்றை மட்டும் அவரிடம் நீட்டினார். "ஏற வேண்டாம் பிள்ளை, கயிறைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நட." அக்கா முழங்காலளவு நீரில் நடந்தார், பிறகு இடுப்பளவு நீரில் நடந்தார். கொஞ்ச நேரம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றவர், தானாகவே ஏறி அமர்ந்து சவளைக் கேட்டார். அருகில் நின்ற களங்கண்டித் தடி வரை போய்த் திரும்பினார். "அண்டைக்கு எங்கட சனம் மற்றவை ஓட்டின படகில இருந்தது. இது நான் வலிச்சுப் போய் நான் திரும்பி வந்தது" என்றார். நாம் யாரும் பதில் சொல்லவில்லை. முல்லைத்தீவுத் தங்கை அன்று முழங்கால் வரை இறங்கினார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

கடலால் ஏறியதும் கரையோரக் கிணற்றில் குளித்தோம். உப்புக்கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர்! மணலில் இறங்கிய மழைநீர், பாரம் குறைந்தது என்பதால், நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு அது இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராவது இதனால்தான்.

பின்னேரம் சிந்தாத்திரை மாதா ஆலயத்துக்குச் சென்றோம். சிந்து என்றால் கடல். கடல் யாத்திரை போவோரைக் காக்கும் தாய் என்பது நம்பிக்கை. எம்மில் சைவப் பெண்களும் மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

மாசி, பங்குனி மாதங்களில், சோளகம் எழுமுன் செல்லுங்கள். காலை நேரமே நல்லது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் வள்ளத்தில் ஏற வேண்டாம். சேலையைத் தவிர்த்துச் சுரிதார் அணியுங்கள். வள்ளம் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாமல் பிடித்துக்கொண்டிருங்கள். இடம் தெரிந்த ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள், அவருக்குரிய கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது வாளியால் அளவாக அள்ளுங்கள். அவ்வூரார் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.